வவ்வாத் தம்பி, கொஞ்சம் உக்காரு

அடிக்கலாமா கூடாதான்னு என்கிட்ட வந்து கேக்குறீக. கேக்குறதுக்கு முன்னாடியே நாலு கட்டடத்தை இடிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கீக. பரவாயில்ல. எங்க ஊர்ப் பஞ்சாயத்துலயும் மண்டையை உடைச்சுட்டு வந்துதான் நியாயம் கேப்பாக. சாவடியில எடம் கெடக்கு, எல்லாரும் உக்காருங்க. பறக்குற ஆளு கொஞ்சம் தரையில கால் படுற மாதிரி உக்காரட்டும், அண்ணாந்து பேசுனா எனக்குக் கழுத்து வலிக்கும். அந்தப் பச்சைக்காரன், ஹல்க்கு, அவன் மட்டும் திண்ணைப் பக்கம் வர வேண்டாம். திண்ணை என் பாட்டன் கட்டுனது.

முதல்ல மொறை வச்சுக்கிருவோம். சூப்பர்மேன் வந்தது 1938, வவ்வா வந்தது 1939, கேப்டன் அமெரிக்கா 1940 கடைசியில. வயசைப் பாத்தா மூணு பேருமே எனக்கு மூத்தவுக. எனக்கு இப்பத்தான் எழுவது தாண்டுது. ஆனா உங்க மூஞ்சியில ஒரு சுருக்கம் உண்டா, தலையில ஒரு நரை உண்டா? பொம்பளைப் பிள்ளை மாதிரி பளபளன்னு இறுக்கிப் பிடிச்ச உடுப்பு வேற. அதனால தம்பின்னுதான் கூப்பிடுவேன். கோவம் வந்தா எந்திரிச்சுப் போங்க.

ஒருத்தரும் எந்திரிக்கலையே? வம்புக்குத்தான்யா இழுத்தேன். ஒரு கெழவன் உடுப்பைக் கேலி பண்ணதுக்குப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கீக. அப்ப பாதி வழக்கு முடிஞ்சுபோச்சு, மிச்சப் பாதிக்கு வருவோம்.

அமெரிக்காக் கதையெல்லாம் இந்தக் கரிசக்காட்டு ஆளுக்கு எப்படித் தெரியும்னு அங்க ஒரு நமட்டுச் சிரிப்பு தெரியுது. நான் வெடலைப் பயலா சிவகாசியில அச்சாபீஸ்ல காகிதக் கட்டு தூக்குனவன். படம் போட்ட பொஸ்தகம்னா அன்னையில இருந்தே ஒரு கிறுக்கு. இப்ப பேரன் லீவுக்கு வாரப்பல்லாம் பெட்டி நெறைய உங்க கதைகளைக் கொண்டாந்து போட்டுட்டுப் போறான். படத்தை நான் பாப்பேன், இங்கிலீசை அவன் சொல்லுவான். உங்க வழக்கையும் அவன்கிட்டத்தான் முதல்ல சொன்னேன். வில்லன் சீண்டுறான், சும்மா இருந்தா கோழைங்கிறான், அடிச்சா நீயும் என்னைப்போலத்தான்னு சிரிக்கிறான், என்ன செய்யலாம்? பேரன் ஒரே வரியில தீர்ப்புச் சொல்லிட்டான். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு. இதைச் சொல்லி வச்சவன் அடி குடுத்தவனா, வாங்குனவனான்னு கேட்டேன். போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டான்.

சூப்பர்மேன் தம்பி, மூத்தவன் நீ, உன்கிட்ட இருந்தே ஆரம்பிப்போம். உன் முதல் கதை ஆக்‌ஷன் காமிக்ஸ் ஒண்ணாம் நம்பர்ல, 1938 ஜூன்னு தேதி போட்டது. அட்டையில ஒரு பச்சைக் காரைத் தலைக்கு மேல தூக்கிப் பாறையில மோதுற. பாத்தவனெல்லாம் உன் புஜத்தைத்தான் பாத்தான். அந்தக் காரு யாரோடது, எதுக்கு மோதுனன்னு உள்ள படிச்சவனுக்குத்தான் தெரியும். நீ கண்ணாடி மாட்டிக்கிட்டு கிளார்க் கென்ட்டா, லோயிஸ் லேன் பிள்ளையோட ஆட்டம்பாட்டம் நடக்குற எடத்துக்குப் போயிருக்க. புட்ச் மேட்சன்னு ஒரு தடியன் வந்து அந்தப் பிள்ளையை என்கூட ஆடுங்கிறான். உன் மூஞ்சியில கைய வச்சுத் தள்ளி, சண்டைக்கு வாடாங்கிறான். மலையைப் பேக்குற பலத்தை வச்சுக்கிட்டு நீ முழிச்சுக்கிட்டு நிக்கிற. கடைசியில அந்தப் பிள்ளதான் தடியன் கன்னத்துல ஒண்ணு வச்சுட்டு, உன்னையும் கோழைன்னு வைதுட்டு, வாடகைக் கார் ஏறிப் போகுது. அதையும் வாங்கிக்கிட்ட.

அப்புறம் தடியன் ஆளுகளோட விரட்டிப்போய்ப் பிள்ளையைத் தூக்குறான் பாரு, அப்பத்தான் நீல உடுப்புல வந்த. காரைக் குலுக்கி ஆளுகளை உதுத்த, காரை நொறுக்குன, தடியனைக் கம்பத்துல மாட்டித் தொங்கவிட்ட. ஒருத்தனும் சாகல. எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம்யா அது. உன் மூஞ்சியில கை வச்சதுக்கு ஒரு தண்டனையும் கிடையாது, அந்தப் பிள்ள மேல கை வச்சதுக்குத்தான் கம்பம். உன்னை உண்டாக்குன ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் ரெண்டு பேருக்கும் அப்ப வயசு 23. கிளீவ்லாண்டுல இல்லாதப்பட்ட வீட்டுப் பையனுக. தெருவுல நாலு தடியன்கிட்ட வாங்கிக் கட்டுனவன் எழுதுனாத்தான் இப்படி வரும்னு எனக்கு ஒரு நெனப்பு.

அதே பொஸ்தகத்துல பொண்டாட்டியை அடிக்கிற ஒருத்தனைச் சுவத்துல தூக்கி அடிச்ச. அவன் கத்தியால குத்த, கத்தி உன் தோல்ல பட்டு ஒடிய, அவன் மயங்கி விழுந்தான். செனட்டரை வளைக்கிற தரகன் ஒருத்தனை அள்ளிக்கிட்டு தந்திக் கம்பி மேல ஓடுன, அவன் அலறுனான். இதுலயெல்லாம் எனக்கு வருத்தம் இல்ல. வன்முறை கூடாதுன்னு யாருக்காச்சும் வருத்தம் இருந்தா, பொண்டாட்டியை அடிச்சவன் கதையை எங்க தெருப் பொம்பளைக கூடியிருக்குறப்ப எந்திரிச்சு நின்னு சொல்லட்டும். நான் துணைக்கு வர மாட்டேன்.

ஆனா 2013ல 'மேன் ஆஃப் ஸ்டீல்'னு ஒரு படத்துல வந்தியே, அதுக்கு என்ன சொல்ற? கடைசியில ரயில் நிலையத்துல ஒரு குடும்பத்தைச் சுவத்தோரமா ஒதுக்கிக் கண்ணுல இருந்து நெருப்பு விட்டான் ஜெனரல் ஜாட். நீ வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சிப் பாத்துட்டு அவன் கழுத்தை முறிச்ச. அதுக்கு அம்புட்டுப் பேரும் கோர்ட்டு வச்சாக, சூப்பர்மேன் கொல்லலாமான்னு. எனக்கு அந்தக் கடைசி நிமிசத்துல குத்தம் தெரியல. என் கண்ணு அதுக்கு முன்னாடி உள்ளதுலதான் நிக்குது. ஒருத்தனை ஒருத்தன் மாடி மாடியா எறிஞ்சு பாதிப் பட்டணத்தை இடிச்சீகளே, அந்த மாடியில டீத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தவனுக்கு நீ யாரு, ஜாடு யாரு? ரெண்டு பேருமே கூரையைப் பேத்துக்கிட்டு உள்ள வந்த ஆளுக. கண்ணாடி போட்டப்ப இருந்த பொறுமை உடுப்பு மாத்துனா எங்க போகுது?

சரி, வவ்வாத் தம்பி. ஏன்யா இருட்டுக்குள்ளயே நிக்கிற, முன்னாடி வந்து உக்காரு. உன் வழக்குதான் பெருசு.

நீ உயிரைக் கொல்லாத விரதக்காரன்னு ஊரெல்லாம் பேச்சு. 1939 மே மாசத்து டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் நம்பரைப் பேரன் கொண்டாந்து காட்டுனான். முதல் கதையிலயே வில்லனுக்கு ஒரு குத்து விட்ட, அவன் கைப்பிடியை ஒடைச்சுக்கிட்டு அமிலத் தொட்டிக்குள்ள போனான். நீ வருத்தப்பட்டதாப் படத்துல ஒண்ணும் இல்ல. அடுத்த வருசம் உன் பேர்லயே தனிப் பொஸ்தகம் வந்துச்சு. அதோட முதல் இதழ்ல விமானத்துல எந்திரத் துப்பாக்கியை மாட்டிக்கிட்டு லாரி மேல சுட்ட. அதே இதழ்லதான் ஜோக்கர் வாரான். கடைசியில அவன் கத்தி அவன் நெஞ்சுலயே பாஞ்சு சாகுறதாத்தான் முதல்ல முடிச்சிருந்தாக. விட்னி எல்ஸ்வொர்த்னு ஒரு ஆசிரியர் பாத்தாரு, இம்புட்டு நல்லா சிரிக்கிற ஒருத்தனை ஒரே பொஸ்தகத்தோட சாகவிடுறதாவது! ஆளு பிழைச்சுக்கிருவான்னு கடைசியில ஒரு படத்தைச் சேக்கச் சொல்லிட்டாரு. துப்பாக்கியும் வேண்டாம், கொலையும் வேண்டாம்னு உன் கையைக் கட்டுனதும் அதே மனுசன்தான்.

ஆக, உன் விரதத்தை ஆரம்பிச்சு வச்சது எந்த முனிவரும் இல்ல, நியூயார்க் ஆபீஸ்ல மேசைக்குப் பின்னாடி உக்காந்திருந்த ஒரு ஆசிரியர். பிள்ளைக படிக்கிறதுல ரத்தம் சொட்டுனா பெத்தவுக கொதிப்பாக, வில்லன் உசிரோட இருந்தா அடுத்த மாசமும் விக்கும். நான் இதைக் கேவலமாச் சொல்லல. கணக்குப்பிள்ளை ஆரம்பிச்சு வச்ச விரதமா இருந்தாலும், இம்புட்டுக் காலம் காப்பாத்துனா அதுக்கும் ஒரு மருவாதி உண்டு. ஆனா 'நான் தர்மத்துக்காக விட்டேன்'னு நெஞ்சை நிமித்துறப்ப அந்தக் கணக்குப்பிள்ளையையும் ஒரு ஓரமா நெனச்சுக்க.

ஜோக்கருக்கு உன்கிட்ட என்னதான் வேணும்? காசா? 2008ல வந்த 'டார்க் நைட்' படத்துல மலையாக் குவிச்சு வச்ச பணத்தை அவனே எரிச்சான். போலீஸ் நிலையத்துல அவனை உக்கார வச்சு, நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துட்டு, மேசையில மோதுன, கண்ணாடியில மோதுன. அவன் வலியில கத்தல, சிரிச்சான். உனக்குப் பிரியமான ரேச்சல் பிள்ளையையும் வக்கீல் ஹார்வி டென்ட்டையும் ரெண்டு எடத்துல கட்டிப்போட்டு வச்சிருந்தான். அடிச்சதுக்கு அப்புறம் எடத்தையும் சொன்னான். நீ ரேச்சலைக் காப்பாத்தப் போன எடத்துல ஹார்வி டென்ட் கட்டிக்கிடந்தாரு. அடிச்சு வாங்குன தகவல், மாத்திச் சொன்ன தகவல். அந்தப் பிள்ளை வெந்துபோச்சு. அடிச்சாத்தான் வாயைத் தொறப்பான்னு சொல்றவுக அந்த ஒரு காட்சியை ரெண்டு தடவை பாக்கணும். வாயைத் தொறப்பான், தொறந்து என்ன சொல்லுவான்?

கிடாக்குட்டி வளத்தவுகளுக்கு ஒரு சங்கதி தெரியும். சின்னப் பயலுக வெளையாட்டுக்குக் குட்டியோட நெத்தியில உள்ளங்கையை வச்சுத் தள்ளுவானுக. அதுவும் திருப்பித் தள்ளும், பாக்க அழகாத்தான் இருக்கும். கொம்பு மொளைச்சு ஆளானதும், தொழுவத்துல கூளம் அள்ள வந்த ஆத்தாளை முட்டிச் சாச்சுப்போடும். தள்ளிப் பழக்குன பய அன்னைக்கு அந்தப் பக்கம் இருக்க மாட்டான். இருந்தாலும் சிரிப்பான். ஜோக்கர் கைய வைக்கத்தான்யா வாரான் உன் நெத்தியில. உன்கிட்டப் பலிக்கல. ஹார்வி டென்ட்கிட்டப் பலிச்சுருச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல உக்காந்து பேச்சுலயே வச்சுத் தள்ளுனான். ஊருக்கே நல்ல வக்கீலா இருந்த மனுசன் நாணயத்தைச் சுண்டிவிட்டு ஆளைச் சுடக் கெளம்பிட்டாரு. எப்ப அடிக்கணும், எங்க அடிக்கணும், யாரை அடிக்கணும் எல்லாத்தையும் அவன் குறிச்சுக் கொடுக்க, கை மட்டும் உன்னோடதுன்னா, அது யார் அடிச்ச அடி? கூலி வாங்காத கூலிக்காரன் நீ.

அவனைச் சொல்றேனே, உன் வாசகரு மட்டும் என்ன வாழுதாம்? 1988ல ஜேசன் டாட்னு உன்கூட இருந்த ராபின் பயலை ஜோக்கர் கடப்பாரைக் கம்பியால அடிச்சுப்போட்டுக் குண்டையும் வச்சான். பய சாகணுமா பிழைக்கணுமான்னு படிக்கிறவுககிட்ட ஓட்டுக் கேட்டாக. ரெண்டு போன் நம்பர், ஒரு போனுக்கு 50 சென்ட். சாகட்டும்னு 5,343 பேரு, பிழைக்கட்டும்னு 5,271 பேரு. 72 ஓட்டுல பய போய்ச் சேந்தான். எங்க ஊர்ல வார்டு மெம்பரு இம்புட்டு வித்தியாசத்துல தோத்தா மறு எண்ணிக்கை கேட்டுப் பொட்டி மேல ஏறி உக்காந்திருவான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மூணாவதா ஒரு நம்பர் ஏன் குடுக்கல? ஜோக்கர் சாகட்டும்னு ஒரு நம்பர்? காசு கட்டிப் போன் போட்டு ஒரு சின்னப் பயலைக் கொல்லலாம், கொன்னவனைத் தொட முடியாது. எல்ஸ்வொர்த் காலத்துல போட்ட காவல் அப்படி.

அதோட விட்டாகளா? அதே கதையில ஜோக்கரை ஈரான் நாட்டுத் தூதராக்கி ஐ.நா. சபைக்கு அனுப்பி வச்சாக. தூதர் மேல கை வைக்கப்படாதுன்னு சட்டம். வவ்வா ஏதும் செஞ்சிரக் கூடாதுன்னு காவலுக்கு வந்தது யாரு? சூப்பர்மேன் தம்பி, தலையைக் குனியாத, நீதான்.

அந்தச் செத்த பய பல வருசம் கழிச்சு உசிரோட திரும்பி வந்து உன்னையே நிக்க வச்சுக் கேட்டான்ல, என்னைக் கொன்னவனை ஏன் இன்னும் விட்டு வச்சிருக்கன்னு? ஒரு தடவை அந்தப் பக்கம் போயிட்டா என்னால திரும்பி வர முடியாதுங்கிற மாதிரி நீ என்னமோ சொன்ன. உன்மேல எனக்கு மருவாதி உண்டு, ஆனா அந்தப் பதில் எனக்குப் பத்தல. நீ திரும்பி வாரதும் வராததும் உன் சொந்தக் கவலை. ஆர்க்காம் ஆஸ்பத்திரியில இருந்து அவன் தப்பி வாரப்பல்லாம் சாகுறவன் பொண்டாட்டிக்கு அதுல என்ன ஆறுதல் இருக்கு? கொல்லாதன்னுதான் நானும் சொல்றேன். அதுக்குக் காரணம் உன் மனசு அழுக்காயிரும்ங்கிறது இல்ல. முகமூடி போட்ட எவனுக்கும் தூக்குத் தண்டனை குடுக்குற உரிமையை ஊரு எழுதிக் குடுக்கல, அதான் காரணம். நீ பிடிச்சுக் குடு, நீதிபதி சொல்லட்டும். பைத்தியம்னு அவரு எழுதுனா உள்ள வச்சுப் பூட்டணும், பூட்டு பூட்டா இருக்கணும். உன்கிட்ட எம்புட்டுப் பணம்யா கெடக்கு! ஓடுற வண்டி, பறக்குற வண்டி, தண்ணிக்குள்ள போற வண்டி, குகைக்குள்ள வீடு மாதிரி கம்ப்யூட்டரு. ஆர்க்காமுக்கு ஒரு நல்ல இரும்புக் கதவு வாங்கிப் போட்டா கொறைஞ்சா போயிருவ? ராத்திரி ராத்திரி கூரை மேல நின்னு யோசிக்கிறதுக்கு ஒரு நா பகல்ல போய்க் கொல்லனைப் பாத்திருக்கலாம்.

சிலந்தித் தம்பி சிரிக்கிறான். உன்னை எனக்குப் பிடிக்கும்டா. நீ ஒருத்தன்தான் அடிக்கிறதைவிட அதிகமா வாயால பேசுறவன். சீண்டுறவனைத் திருப்பிச் சீண்டி, அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தப்பா ஒரு அடி எடுத்து வைக்கிறப்ப கட்டிப்போடுற. மத்த மூணு பேரும் உன்கிட்டப் பாடம் படிக்கணும். ஆனா 1973ல உனக்கும் ஒரு சோதனை வந்துச்சு. உன் காதலி க்வென் ஸ்டேசி பிள்ளையைக் கிரீன் காப்ளின்ங்கிற வில்லன் பாலத்து மேல இருந்து தள்ளிவிட்டான். அது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம்னு எழுத்துல போட்டிருக்கு, படத்துல வரைஞ்சது புரூக்ளின் பாலம், எழுதுனவரும் வரைஞ்சவரும் ஒரு டீ குடிச்சுப் பேசியிருக்கலாம். நீ நூலை விட்டுப் பிடிச்ச, பிடிச்ச இழுப்புலயே கழுத்து போயிருச்சு. அடுத்த இதழ்ல காப்ளினைப் போட்டு அந்த மாதிரி அடிச்ச, படிக்கிற எனக்கே இன்னும் ரெண்டு போடுன்னு தோணுச்சு. கொல்ற கட்டத்துக்கு வந்து கையை எடுத்துட்ட.

நீ கையை எடுத்ததும் என்ன நடந்துச்சு? அவனோட பறக்குற வண்டியை அவனே ஏவிவிட, அது உன் முதுகைக் குத்த வந்துச்சு, நீ விலக, அவனையே குத்திச்சு. எழுதுறவுகளுக்கு எம்புட்டு வசதி பாத்தீகளா! நாயகன் கையில ரத்தம் படக்கூடாது, வில்லனும் சாகணும், படிக்கிறவனுக்கும் குளுகுளுன்னு இருக்கணும். உங்க கதைகள்ல ஒரு கூரை ஓரம், ஒரு மின்சாரக் கம்பி, தானா வெடிக்கிற ஒரு பீப்பாய் எப்பவும் தயாரா நிக்கிறது எதுக்குன்னு நெனைக்கீக? கொலைக்கு ஆசைப்பட்டது நாம, பழி வண்டி மேல. அந்தக் காப்ளினும் 1996ல உசிரோட திரும்பி வந்துட்டான், அது தனிக் கூத்து.

1954ல அமெரிக்காவுல பெரிய ரகளை ஆகி, ஃபிரெட்ரிக் வெர்த்தம்னு ஒரு மனநல டாக்டர் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்குதுன்னு பொஸ்தகம் போட்டு, கம்பெனிக்காரங்களே கூடித் தங்களுக்கு ஒரு தணிக்கை விதி போட்டுக்கிட்டாக. ரத்தம் கொறைஞ்சுச்சு. குத்து கொறையல. அதைப் பத்தி இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

கேப்டன், உன்னை ஏன் இம்புட்டு நேரம் உக்கார வச்சேன்னா, உன் வழக்கு இவுக வழக்கு மாதிரி இல்ல. உன் முதல் இதழ் அட்டையிலயே ஹிட்லர் தாடையில குத்து. 1941 மார்ச்னு தேதி போட்டிருந்தாலும் கடைக்கு வந்தது 1940 டிசம்பர்ல. அமெரிக்கா யுத்தத்துல எறங்குனது அதுக்கு ஒரு வருசம் கழிச்சு. வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்த ஊர்ல உக்காந்து அந்தக் குத்தை விட்டது ஜோ சைமன், ஜாக் கர்பின்னு ரெண்டு யூதப் பிள்ளைக. ஹிட்லர் அவுகளைச் சீண்டவா செஞ்சான்? அவுக சனத்தையே இல்லாம ஆக்கக் கெளம்பியிருந்தான். அதுக்குக் குத்தலாமா கூடாதான்னு பட்டிமன்றம் வைக்கிறவன் வேற ஊர்ச் சாவடிக்குப் போகட்டும். நியூயார்க்ல இருந்த ஹிட்லர் விசுவாசிக மிரட்டிக் கடுதாசி போட்டாக, ஆபீஸ் வாசல்ல ஆளுக வந்து நின்னாக. போலீஸ் காவல் போட்டதாவும், மேயர் லகார்டியாவே போன்ல வந்து தைரியம் சொன்னதாவும் சைமன் எழுதி வச்சிருக்காரு.

இதே ஹிட்லரை சூப்பர்மேன் தம்பி எப்படித் தீத்தான்னும் கேளுங்க. 1940 பிப்ரவரியில 'லுக்' பத்திரிகை, யுத்தத்தை நீ எப்படி முடிப்பன்னு கேட்டு சீகல், ஷுஸ்டர்கிட்ட ரெண்டு பக்கம் வாங்கிப் போட்டுச்சு. நீ பீரங்கியை எல்லாம் முறுக்கிப்போட்டுட்டு, ஹிட்லரைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கி, போற வழியில மாஸ்கோவுல எறங்கி ஸ்டாலினையும் அள்ளிக்கிட்டு, ஜெனீவாவுல உலக நாடுகள் சங்கத்துக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்துன. ஒரு குத்து விடக் கை ஊறுச்சு உனக்கு, ஆனாலும் விடல. அந்தச் சங்கத்துக்கு அன்னைக்கு ஒரு கோழித் திருடனைப் பிடிச்சு வைக்கிற தெம்பு கூட இல்லைங்கிறது வேற விசயம். அப்ப கேப்டன் குத்துதான் சரியா, சூப்பர்மேன் கோர்ட்டுதான் சரியான்னு கேட்டா, எனக்கு ரெண்டு படத்தையும் சுவத்துல ஒட்டி வச்சுக்க ஆசை.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஏப்ரல்ல ஹிட்லரோட எஸ்.எஸ். படைக்காரங்க பத்திரிகை சீகலைப் பேர் சொல்லி, சாதி சொல்லி வைது ஒரு கட்டுரையே போட்டுச்சு. ஐரோப்பாவையே ஏறி மிதிச்சுக்கிட்டு இருந்த படை, கிளீவ்லாண்டுல சித்திரக்கதை எழுதுற ஒரு பையன்கூட மல்லுக்கு நின்னுச்சு. அன்னைக்குச் சீண்டுனது யாரு, கொதிச்சது யாரு? வில்லன்தான் எப்பவும் வம்பிழுக்கணும், நாயகன்தான் எப்பவும் ரோசப்படணும்னு உங்களுக்கு யார் சொன்னா?

கொல்லாதன்னு சொல்றதுக்கு எனக்கு இன்னொரு சுயநலமும் இருக்கு. 1972ல முத்து காமிக்ஸ்ல இரும்புக்கை மாயாவி வந்தான். நாங்க நாலு பயலுக காசு சேத்து ஒரு பொஸ்தகம் வாங்கி, யார் முதல்ல படிக்கிறதுன்னு கட்டிப் புரண்டோம். அவன் பூர்வீகம் இங்கிலாந்து, 1962ல 'வேலியன்ட்'ங்கிற வாரப் பத்திரிகையில தொடங்குன ஆளு. ஒத்தைக் கை இரும்பு, மின்சாரம் பாஞ்சா அந்தக் கை தவிர மத்த உடம்பு மறைஞ்சுபோகும். சத்தி கிடைச்சதும் அந்த மனுசன் முதல்ல என்ன செஞ்சான் தெரியுமா? திருடுனான், ஊரையே கலங்கடிச்சான். அப்புறம்தான் திருந்திக் கெட்டவனுகளைப் பிடிக்கிற வேலைக்கு வந்தான். உங்கள்ல எவனாச்சும் ரோசக்காரன் முதல் கதையிலயே அவன் கழுத்தை முறிச்சிருந்தா, சிவகாசிச் சுத்துவட்டாரத்துப் பயலுக எல்லாம் எதை வச்சுக் கட்டிப் புரண்டிருப்போம்? ஜோக்கர் திருந்துவான்னு நான் சொல்லல. எவன் மாயாவி, எவன் ஜோக்கர்னு முதல் பக்கத்துல தெரியாதுய்யா.

இருட்டப்போகுது. எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வழக்கைச் சொல்லிடுறேன். உங்கள்ல ஒருத்தரும் எட்டிப் பாக்காத வழக்கு. 1938 மார்ச்ல சீகலும் ஷுஸ்டரும் சூப்பர்மேன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாக. கிடைச்சது 130 டாலரு. தம்பி கோடி கோடியாச் சம்பாதிச்சுக் குடுத்தான், 1947ல இவுக கேஸ் போட்டுத் தோத்தாக, பொஸ்தகத்துல இருந்த பேரும் போச்சு. ஷுஸ்டருக்குக் கண்ணும் மங்கிப்போச்சு. 1975ல பெரிய செலவுல சூப்பர்மேன் படம் எடுக்கப்போறாகன்னு சேதி வந்தப்ப, சீகலு வயிறெரிஞ்சு பத்திரிகைகளுக்கெல்லாம் நீளமா ஒரு கடுதாசி எழுதுனாரு. அதுக்கு மேல சீண்டல் வேணுமா ஒரு மனுசனுக்கு? ஒரு கல்லை எடுத்து ஒரு கண்ணாடியைக் கூட உடைக்கல. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன்னு ரெண்டு ஓவியருக கூடப் போய் நின்னு, பத்திரிகையில பேசி, டி.வி.யில பேசி, கம்பெனி மூஞ்சியில கரி பூசி, அந்த வருசம் டிசம்பர்ல ஆளுக்கு வருசம் 20,000 டாலர் ஓய்வூதியமும், கதையில பேரும் வாங்கிக் குடுத்தாக.

இந்த ராபின்சன் யாரு தெரியுமா? ஜோக்கரை உண்டாக்குனது நான்தான், சீட்டுக்கட்டுல இருந்து அந்தச் சீட்டைக் கொண்டாந்தது நான்தான்னு சொன்னவரு. வவ்வாவை உண்டாக்குன பாப் கேன், பில் ஃபிங்கர், அப்புறம் அவரு, மூணு பேருக்கும் அதுல தகராறு உண்டு, அது கெடக்கட்டும். சூப்பர்மேன் தம்பி, உன்னைப் பெத்தவுகளுக்காக வாதாடப் போனது ஜோக்கரைப் பெத்த கூட்டத்து ஆளு.

வவ்வா, நீ சிரிக்காத. உன்னைப் பெத்ததுல பாதி அந்த பில் ஃபிங்கருது. 1974ல ஓட்டாண்டியாச் செத்தாரு. உன்கூட அவரு பேரையும் போட ஒத்துக்கிட்டது 2015ல, அதுவும் பேத்தி கெடந்து போராடுனதுக்கு அப்புறம். அந்த நாப்பது வருசமும் நீ ராத்திரிக்கு ராத்திரி யாரை அடிச்சுக்கிட்டு இருந்த?